நானூற்றுப் பதினேழாம் நம்பர் ரிவால்வர்

"குழலுக்கு நேரா யாரும் நிக்காதீங்க!"

நடேசன் போட்ட சத்தத்தில், பம்ப் ரூம் வாசலில் கூடியிருந்த பன்னிரண்டு பேரும் இரண்டாகப் பிரிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

பட்டாபிராமில் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. ஆயுத பூஜைக்காகப் பம்ப் ரூம் பரணைச் சுத்தம் செய்யப் போன இடத்தில், கோணிக்குள் சுற்றிவைத்த ரிவால்வர் ஒன்று கிடைத்தது. எடுத்தவன் மூன்றாவது மாடி வெங்கட், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். அதைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

குடியிருப்புச் செயலாளர் நடேசனைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவது? ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பள்ளியில் முப்பது வருஷம் ஃபிட்டர் வாத்தியாராக இருந்தவர். இரும்பைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் அங்கே அப்பீல் கிடையாது.

அவர் ரிவால்வரைப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். குழல் எட்டுப் பட்டையாக இருந்தது. வீட்டிலிருந்து வெர்னியர் அளவுகோலை வரவழைத்து ஒவ்வொரு பட்டையாக அளந்தார். எட்டும் ஒரே அளவு; நூலிழை வித்தியாசமில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

"மெஷின் பட்ட கோடே இல்லப்பா. வெறும் அரம். கையாலயே ராவியிருக்கான்! இது வெள்ளைக்காரன் கை. நம்ம பசங்களால ஆகாது. மூணு வருஷம் அரத்தைக் குடுத்துச் சதுரம் ராவச் சொன்னா, தேஞ்ச சோப்பு மாதிரி கொண்டு வருவானுங்க."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் பச்சையப்பன், "சார், அது வந்து..." என்றார்.

"நீ ஏணியைப் பாரு."

"எந்த வருஷம் செஞ்சது அங்கிள்?" என்றான் வெங்கட். "ரொம்பப் பழசுன்னா மியூசியத்துல குடுத்துடலாம். இல்லேன்னா போலீஸ், கேஸுன்னு ஆகிடும். எனக்கு அடுத்த மாசம் விசா இன்டர்வியூ இருக்கு."

நடேசன் பிடியின் அடிப்பக்கத்தைக் காட்டினார். 417 என்று ஆழமாகக் குத்தியிருந்தது.

"இதான் வழி. கம்பெனி பேரும் இந்த நம்பரும் தெரிஞ்சா, எந்த வருஷத்துச் சரக்குன்னு பழைய பேரேட்டுல பார்த்துடலாம். நல்ல பட்டறையில நம்பர் குத்தாம ஒரு சாமானும் வெளிய போகாது. நானே விட்டதில்லையே!"

கம்பெனி பேரைத்தான் காணோம். துரு மூடியிருக்கும் என்று புளியும் தேங்காய் நாரும் கொண்டுவரச் சொல்லி அரைமணி நேரம் தேய்த்தார். பேர் வரவில்லை. ரிவால்வர்தான் நேற்றுச் செய்ததுபோல் பளபளத்தது.

"அங்கிள், பழசுங்கறதுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் துருதானே!" என்று வெங்கட் தலையில் கைவைத்தான்.

அந்தத் தப்பைச் சரிக்கட்ட, வெங்கட்டை விட்டு, இணையத்தில் இருந்த வெளிநாட்டுப் பழம்பொருள் குழு ஒன்றுக்குப் படம் அனுப்ப வைத்தார். பதில் வந்தது: 'பேர் தெரியாமல் வருஷம் சொல்ல முடியாது. சின்ன நம்பர் என்றால் ஆரம்ப காலத்ததாக இருக்கலாம்.'

முதல் வாக்கியத்தை நடேசன் படிக்கவே இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் லெட்டர்பேடை எடுத்து, 'இங்கிலாந்து, சுமார் 1860, அசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, குடியிருப்பு வாட்ஸப்பில் ஏற்றிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் திருநின்றவூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். யாரோ பொட்டு வைத்துப் பூவும் போட்டுவிட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நடேசன் அந்த எட்டுப் பட்டையைக் காட்டிக் காட்டி உருகினார். பச்சையப்பன் கேட்டைக்கூட மறந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

திறந்து கிடந்த கேட் வழியாகப் போலீஸ் ஜீப் நேராக உள்ளே வந்தது. சப் இன்ஸ்பெக்டர் எழிலரசி இறங்கினார். கையிலிருந்த செல்போனில் அந்த லெட்டர்பேடு.

"அசல்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தாம்மா."

"அசல்னா லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. நீங்கதான் செயலாளர், ஜீப்ல ஏறணும். தெரியாம எழுதிட்டேன்னா, அந்தப் பேப்பரை என் முன்னாடியே கிழிச்சுப் போட்டுடுங்க."

"மேடம், ஒரு நிமிசம்..." என்று பச்சையப்பன் ஆரம்பிக்க, கான்ஸ்டபிள் அவரை ஓரமாகத் தள்ளினார்.

"கிழிச்சுடுங்க அங்கிள்!" வெங்கட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

நடேசன் பேப்பரை எடுத்தார். இந்த வயதில் ஜீப்பில் ஏறினால் அந்தத் தெருவில் மறுபடி எப்படி நடப்பது? கண் தானாகப் பூவுக்கடியில் இருந்த ரிவால்வரின் பக்கம் போனது. அப்படி ஒரு வேலையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் கையாலேயே அப்படி வந்ததில்லை.

பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஜீப்ல ஏறுறேம்மா. இந்தக் கையைப் பொய்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

எழிலரசி அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பேனாவிலிருந்து ரீஃபிலை உருவி, நடேசனின் உத்தரவால் காலையிலிருந்து யாருமே எட்டிப் பார்க்காத குழலின் வாய்க்குள் விட்டார். நகக்கண் அளவு போய் நின்றுவிட்டது. குண்டு போடும் ஆறு துளைகளும் அப்படியே.

"ஓட்டையே இல்ல சார். முழு இரும்பு. இது பொம்மை!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெங்கட்டுக்குப் போன உயிர் வந்தது. நடேசன் மட்டும் சிரிக்கவில்லை.

"பொம்மையாவே இருக்கட்டும்மா. இதை ராவினவன் எவன்? அவன் கையை நான் ஒரு தடவை பார்க்கணும்."

பச்சையப்பன் தொப்பியைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

"உங்க ட்ரெய்னிங் ஸ்கூல்ல டோக்கன் நம்பர் நானூத்திப் பதினேழு நான்தான் சார், உனுக்கு அரமே புடிக்கத் தெரிலன்னு முப்பத்தஞ்சு வருசம் முன்னால ஃபெயில் போட்டு அனுப்பிட்டீங்க, அந்த ரோசத்துல ஊட்டுல குந்திகினு ராவுனேன், இங்க வேலைக்கு வந்தப்போ பரண்ல சுத்தி வெச்சேன்... இப்பனாச்சும் பாஸா சார்?"