மூன்றாவது காப்பியும் கோழிக்கூடும்

இந்தக் கதையில் நீங்கள் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது, உறுதி. ஆனால் அவசரப்படாதீர்கள். போஸ்னியாவில் எங்கள் ஊரில் அப்போது எதற்கும் இரு தரப்பு ஒப்புதல் வேண்டும்.

போர் முடிந்ததும் அமைதி காக்க மேற்கிலிருந்து கூட்டணிப் படை வந்தது. கிழக்கிலிருந்து வல்லரசின் படை வந்தது. எங்களைக் காத்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் ஒருவரையொருவர் காவல் காத்தார்கள். கூட்டணிக்குக் கேப்டன் ஸ்டென், வல்லரசுக்கு மேஜர் குஸ்மின். நல்லிணக்கக் கூட்டு அலுவலகத்துக்கு, "எத்தரப்பையும் சாராத நிலப்பரப்பு" என்று என் அத்தை ஸும்ராவின் கூடம் தேர்வானது.

அதே கூடத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை அத்தை மகள் செனாதாவுக்குக் கல்யாணம்.

விருந்தாளியிடம் "கிளம்புங்க" என்று நாங்கள் சொல்வதில்லை. வந்ததும் ஒரு காப்பி, பேச ஒரு காப்பி. மூன்றாவது வந்தால் செருப்பைத் தேட வேண்டும். அத்தை மூன்றாவதை நீட்டினாள். குடித்தார்கள். நாலாவது கேட்டார்கள்.

"ஐயா, கல்யாணம்ங்க. கூடம் வேணும்" என்று வாய்விட்டே கேட்டுப் பார்த்தாள்.

"தாராளமா அம்மா. மேஜர் எழுந்ததும் நான் எழுந்துடறேன்" என்றார் கேப்டன்.

"கேப்டன் எழுந்த மறுநொடி நானும்" என்றார் மேஜர்.

முதலில் எழுந்தவர் பின்வாங்கியவர் ஆகிவிடுவாராம்.

அடுப்படியில் அத்தை மூக்கை உறிஞ்சினாள். "டேய் நெதிம், ஊர்ல எல்லார் மாதிரியும் பேசிக்காட்டி வம்பு வாங்கிட்டு வர்றியே, இதுக்கு ஏதாவது பண்ணேன்டா."

பண்ணினேன். கழிப்பறைக்கு எழுவது மட்டும் பின்வாங்கலில் சேராதாம். கேப்டன் அங்கே போனபோது, அதன் சன்னலுக்கு வெளியே நின்று மேஜர் குரலில் கரகரத்தேன்: "கொல்லையில இருக்கிற கோழிக்கூடுதான்யா முக்கியமான இடம். இன்னிக்கே பிடிக்கணும். கூட்டணிக்காரன் காதுல விழக்கூடாது." மேஜர் போனபோது கேப்டனின் மூக்கடைத்த குரலில் அதையே, 'வல்லரசுக்காரன் காதுல' என்று மட்டும் மாற்றிச் சொன்னேன்.

கேப்டன் ஓடினார். மேஜர் துரத்தினார். கூடம் காலி!

கல்யாணம் ஜோராக நடந்தது. ஆனால் பந்தி சூப்பில் வெண்டைக்காய் மட்டும் மிதந்தது.

"கோழி எங்கம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ராணுவப் பாதுகாப்புல இருக்குங்க சம்பந்தி" என்றாள் அத்தை. ஒரு கோழியை வெளியே எடுக்கவும் இரு தரப்புக் கையெழுத்து வேண்டுமாம். யார் முதலில் போடுவது என்பதில் பேச்சுவார்த்தை தொடர்ந்தது.

கூட்டுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் காப்பி கொண்டுபோனேன். மூன்றாவது கிண்ணத்தைக் கேப்டன் வெகுநேரம் பார்த்தார்.

"மேஜர், இந்த மூணாவது காப்பி... கிளம்புன்னு சொல்றாங்களோ?"

"முதல் நாளே தெரியும்."

"அப்ப ஏன் கிளம்பல?"

"நீங்க கிளம்பலையே."

"சரி, இந்தக் கூட்டைப் பிடிக்கணும்னு சன்னல்கிட்ட உத்தரவு போட்டீங்களே?"

"நானா? நீங்க பேசினதாத்தான் நான் கேட்டேன். பையன் வேலைன்னு அப்பவே புரிஞ்சுது. நீங்க அவ்வளவு தெளிவா உத்தரவு போட மாட்டீங்க."

"அப்புறம் எதுக்கு ஓடி வந்தீங்க?"

"நீங்க ஓடினீங்களே!"

கேப்டன் மெல்ல என் பக்கம் திரும்பினார். எழுந்தார். அவர் எழுந்துவிட்டதால் மேஜரும் எழுந்தார்.

இரு தரப்பு ஒப்புதல் வந்தாயிற்று, நீங்கள் சிரிக்கலாம். முதலில் பின்வாங்கியவன் நான்தான்.