என் திராட்சையில் ஏறிய செம்பு

பக்தி உள்ளவனுக்குப் பொறுமையும் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் இரண்டு வேளையும் முருகனைக் கும்பிடுகிறவன். ஆனால் அடுப்பில் பால் வைத்தால் பொங்குவதற்குள் பத்துத் தடவை எட்டிப் பார்ப்பேன். (அதனால் என் மனைவி என்னை அடுப்பங்கரைப் பக்கமே விடுவதில்லை.)

எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூரில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு திராட்சைக் கொடி. சாணி எருவைத் தவிர வேறொன்றும் காட்டாமல் நான் வளர்த்தது. என் மனைவியின் தம்பி ஏழுமலை வேலூரில் கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். மருந்தடிக்காத திராட்சையின் ஒயினிலும் மருந்தடித்த திராட்சையின் ஒயினிலும் செம்பு எவ்வளவு என்று அவன் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் பட்டம். பட்டம் வந்தால்தான் பெண் என்று அமிர்தி ஊரிலிருந்த அவனுடைய வருங்கால மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார்.

சமவெளித் தோட்டங்களில் கொடிக்கு மயில்துத்தம் அடிப்பார்கள். அதில் இருப்பது செம்புதானாம். ஆக, ஜெயிக்கப்போவது என் கொடி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒயின் என்றதும் மட்டும் தயங்கினேன். மதுவிலக்குக் காலம், நானோ கோயிலில் பஜனை பாடுகிறவன். கல்லூரியில் கேட்டுக்கொண்டுதான் செய்கிறேன் என்று ஏழுமலை சத்தியம் செய்தான். என் திராட்சைச் சாற்றையும் சமவெளியிலிருந்து வாங்கி வந்த திராட்சையின் சாற்றையும் இரண்டு கண்ணாடி ஜாடிகளில் தனித்தனியாக ஊற்றி, கார்க்கு அடைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் என்று பூஜை அறையில் வைத்தான்.

"எதையும் தொடாதீங்க மாமா. சும்மா பாத்துக்கினு இருங்க, அது போதும்."

உலகத்தில் என்னால் முடியாத ஒரே காரியத்தைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான்.

ஜாடிகள் குமிழிவிட்டன. முணுமுணுத்தன. நான் என் கடையில் உட்கார்ந்தால் மனசு வீட்டில். வீட்டுக்கு வந்தால் கண் ஜாடியில். ஒரு காலையில் தீபாராதனை காட்டும்போது என் ஜாடியின் கார்க்கு படீரென்று எகிறி முருகன் படத்தில் பட்டது. சாமிக்குக் கோபம் என்றே முடிவு செய்தேன். போதைச் சரக்கைச் சாமி முன்னால் வைக்கலாமா? வைத்தே ஆகவேண்டுமென்றால் சுத்தமான பாத்திரத்தில் வைக்க வேண்டாமா? தீர்த்தம் வைக்கும் செப்புக்குடத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, என் ஒயினை மட்டும் அதில் ஊற்றி, இரண்டு துளசி இலையும் போட்டேன். (மருந்தடித்த ஒயினுக்கு அந்த மரியாதை தேவையில்லை என்று ஜாடியிலேயே விட்டேன்.) அதன்பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது.

பரிசோதனைக்கு முதல்நாள் அதை மறுபடி ஜாடியில் ஊற்றி, நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி பூசி, இரண்டு ஜாடிகளையும் நானே வேலூருக்குக் கொண்டுபோனேன். இரண்டையும் தனித்தனியாக எரித்துச் சாம்பலாக்கி, கரைத்து, ஏதோ காரமான மருந்தைச் சொட்டினார்கள். மருந்தடித்த திராட்சை லேசாக நீலம் காட்டியது. என்னுடையது மயில் கழுத்து நீலமாக மாறியது. அழகாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். ஏழுமலையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சந்தோஷப்படக்கூடாது என்று தெரிந்தது.

இவ்வளவு நீலமென்றால் இவ்வளவு செம்பு, கொடிக்கு எவ்வளவு துத்தம் அடித்தீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். முருகன்மேல் ஆணையாக ஒரு சொட்டும் இல்லை என்றேன். சரி, எதில் வைத்திருந்தீர்கள் என்றார்.

"செப்புக்குடத்துலங்க. புளி போட்டு நல்லா தேச்சதுங்க" என்றேன், பெருமையாக.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டு, "இன்னா மாமா இது, செம்பு இருக்குதான்னு பாக்கச் சொன்னா செம்புலயே ஊற வெச்சிட்டியே" என்றான். அதுவரை என்னை 'நீங்க' என்றே அழைத்த பிள்ளை.

அடுத்த காய்ப்பு வரும்வரை பட்டமும் நின்றது, கல்யாணமும் நின்றது. அதுவரை நான் கொடிப் பக்கமே போகக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. தடை நீங்க அமிர்தி மாமனார் தினம் முருகனின் வேல்மாறல் துதியைப் படிப்பதாகச் சொன்னார்கள். நானும் படித்தேன்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. ஆனால் காத்திருந்த பெண் மறக்கவில்லை. இன்றும் ஏழுமலை வீட்டுக்குப் போனால் எல்லாருக்கும் செம்பில் தண்ணீர் வரும். எனக்கு வரும்போது உள்ளிருந்து அவள் குரல் கேட்கும்: "அண்ணனுக்கு மட்டும் கண்ணாடி கிளாஸ்ல குடுங்க."