நெருங்கிய தொடர்பு

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு, உன் வீட்டுக்காரன் எழுதுவது.

உன் முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று சுகாதாரத் துறையின் இன்று காலை பத்து மணி அறிக்கை சொல்கிறது. பெயரில்லை, 'ஐம்பத்தெட்டு வயதுப் பெண் கால்நடை மருத்துவர்' என்றிருந்தது. வயதை வெளியிட்டது நானில்லை.

வௌவாலிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த அந்தக் காய்ச்சல், அதே அறிக்கைப்படி, விமானமேறி மூன்று நாடுகளைப் பார்த்துவிட்டது. பன்றிகளுக்கு ரத்தம் எடுக்கப் போன உன்னால் தனிமைப்படுத்தும் முகாமின் அறைக் கதவைத் தாண்ட முடியவில்லை. பாஸ்போர்ட்டை யாரிடம் கேட்கிறார்கள் பார்.

போன வாரம் நீ இரண்டு நாள் வீட்டுக்கு வந்து போனாய் அல்லவா, அதற்காகச் சுகாதார அலுவலகத்துப் பெண் ஒருத்தி போன் செய்தாள். "சார், டாக்டரோட உங்களுக்கு நெருங்கிய தொடர்பு உண்டா?" முப்பது வருஷம் பத்திரிகையில் எந்த மாதிரிச் செய்திகளில் அந்த வார்த்தையைப் போட்டேன் என்று உனக்குத் தெரியும். "ஏம்மா, அவ என் சம்சாரம். வாயைக் கழுவு" என்றேன். "அப்போ தொடர்பு இல்லையா சார்?" "கிடையவே கிடையாது!" போனை வைத்துவிட்டாள். மகளிடம் போனில் சொன்னால், அவள் சிரிக்கிறாள். "அப்பா, ஒரு மீட்டருக்குள்ள பதினஞ்சு நிமிஷம் இருந்தீங்களான்னு கேட்டிருக்காங்க. பதில் சொல்லாம கேள்வியைத் திருத்திட்டு இருக்கீங்களே!" பதினைந்து நிமிஷமா? ஞாயிற்றுக்கிழமை சோபாவில் என் தோளில் சாய்ந்து நீ தூங்கியது ஒன்றேகால் மணி நேரம். கை மரத்துப்போயிற்று, நான் அசையவில்லை.

உன் கைபேசியை முகாமில் வாங்கி வைத்துவிட்டார்களாம். அங்குள்ள போனில் பேச, தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் அனுமதி. நான் 'தொடர்பு இல்லை' என்று பதிவானவன். அதனால் இந்தக் கடிதம்.

மற்றபடி இங்கே சௌகரியம். ஜன்னலை என் இஷ்டப்படி சாத்துகிறேன். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் கேட்க ஆளில்லை. நீ அவசரப்படாமல் வா.

வேளைக்குச் சாப்பிடு. உன்னைக் கவனித்துக்கொள்ளும் நர்சுகளுக்கு என் வணக்கம்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: திருத்தம். மேலே சௌகரியம் என்று வந்தது ஆதாரமற்ற செய்தி. சற்றுமுன் நானே சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டு, "நெருங்கிய தொடர்பு உண்டு, எழுதிக்கோம்மா" என்றேன். "மாத்தினா இருபத்தொரு நாள் வாசல் தாண்டக் கூடாது சார், பரவாயில்லையா?" "எழுது." நாளையிலிருந்து உன்னோடு தினமும் ஐந்து நிமிஷம் பேசலாமாம்.

இனி வர வேண்டியது உன் இரண்டாவது பரிசோதனை முடிவு. வியாழக்கிழமை, மாலை நான்கு மணி.