இரண்டு பேர் ஓட்டும் இரும்பு ஆள்

திருப்பூர்
13.11.2008

காங்கேயம் எண்ணெய் மில் ஆத்தப்பன் மச்சான் அவர்களுக்கு, திருப்பூர் பனியன் கம்பெனி கந்தவேல் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தங்கை தெய்வாத்தாள், பிள்ளைகள், நான் எல்லோரும் சுகம். கரண்ட் ஒன்றுதான் சுகமில்லை. அங்கே வீட்டில் எல்லோரும், மில்லும், காளைகளும் சுகம் என்று நம்புகிறேன். கையில் செல்போனை வைத்துக்கொண்டு இந்த மனுசன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் மில் சத்தத்தில் பாதி காதில் விழாமல் "செரிங் மாப்ள, செரிங்" என்று வைத்துவிடுவீர்கள், அப்புறம் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பீர்கள். இது அப்படிப் பாதி கேட்டு வைக்கிற விஷயம் இல்லீங்க மச்சான்.

ஞாயிற்றுக்கிழமை கார்த்திகை முதல் தேதி, நல்ல நாள் என்று நான்தான் உங்களைக் கூப்பிட்டேன். நானும் பார்ட்னர் சகாயராஜும் பதினாலு வருசமாகச் சேர்ந்து நடத்துகிற கம்பெனியை நீங்கள் நடுவில் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்க வேண்டும், எந்த மெஷின் யாருக்கு, கட்டிங் டேபிள் யாருக்கு என்று உங்கள் வாயால் சொன்னால் இரண்டு பேரும் மறுபேச்சுப் பேச மாட்டோம் என்றேன். காரணமும் சொன்னேன். ஆவணியில் ஆர்டர் கொடுக்கிற பையர் ஆபீஸ் ஆட்கள் வந்தபோது சகாயராஜ் முன்னால் நின்று கம்பெனியை எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் என்னைக் கை காட்டி, "இவங்க தையல் பாக்குறவங்க சார்" என்றார். பார்ட்னர் என்று ஒரு வார்த்தை வரவில்லை. தையல் பாக்குறவங்களாம்! அன்றோடு எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. எல்லாம் கட்டிங் நோட்டில் எழுத்து மூலம்தான். துணி வந்தது என்று நான் எழுதுவேன், சரி என்று அவர் எழுதுவார், ஒரே ரூமில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு. செக்கிங் பெண்பிள்ளைகள் பனியனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கக் கூடாது. நாற்பத்தெட்டு வயசில் எனக்குப் புத்தி சொன்னது ஒரு கார்ட்டூன் படம். புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனிச் சாவியைக் கொடுக்க சகாயராஜ் வீட்டுக்குப் போனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன். அவர் மகள் ஆஷா, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பா வர நேரமாவும், உக்காருங்க பெரியப்பா" என்றது. உட்கார்ந்தேன். ஜப்பான்காரன் எடுத்ததைத் தமிழில் பேச வைத்திருக்கிறார்கள், தினமும் தொடராக வருமாம். கடலுக்குள்ளிருந்து ஏதோ ஒரு பூதம் ஊரை இடிக்க வருகிறது. அதை அடிக்க ஒரு இரும்பு ஆள், நம்ம சென்னிமலை உயரம் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நெஞ்சுக்குள்ளே முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு. ஒரு ஆள் ஏறினால் அது அசையாது. இரண்டு பேர் ஏற வேண்டும், அதுவும் பதினாலு பதினைந்து வயசுப் பிள்ளைகள். ரிஹோ என்று ஒரு வாயாடிப் பெண் முன் சீட்டில், தோமா என்று ஒரு ஊமைக்கோட்டான் பையன் பின் சீட்டில். சாமி சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், அந்த இரும்பு ஆள் கடலிலிருந்து தண்ணீர் வழிய எழுந்து நின்றபோது எனக்குக் கைமயிர் சிலிர்த்து நின்றது, கையிலிருந்த சாவி கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"ஏங்கண்ணு, முன்னாடி இருக்கற புள்ளைக்கு என்ன வேலை, பின்னாடி இருக்கறவனுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். "முன் சீட்டு கை, பின் சீட்டு கால். அடி விழுந்தா வலி பூரா பின் சீட்டுக்குப் போவும்" என்றது. "அப்ப முன் சீட்டுக்கு?" "அவளுக்குப் பேரு கிடைக்கும். செத்த சும்மா இருங்க பெரியப்பா, சண்டை வருதுல்லா!"

அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன். முன் சீட்டு சகாயராஜ், பின் சீட்டு நான். பேர் அவருக்கு, வலி எனக்கு. நம் ஊட்டுப் பக்கம் ஆறிலிருந்து ஏழு வரை கரண்ட் கட், அவர் வீட்டுப் பக்கம் அந்த நேரத்தில் கரண்ட் இருக்கும், அதனால் தினமும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். உங்கள் தங்கை, "ஏனுங்க, கரண்ட் போனா ஊர்ல எல்லாரும் விசிறியத் தேடறாங்க, நீங்க செருப்பத் தேடறீங்களே" என்றாள். நாலாம் நாள் சகாயராஜ் சீக்கிரம் வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தினமும் அதேதான். அவர் மனைவி இரண்டு டம்ளர் காப்பி வைப்பார், இரண்டு பேரும் குடிப்போம், டிவியைப் பார்ப்போம், ஏழு மணிக்கு எழுந்து வந்துவிடுவேன். பேச்சு மட்டும் கிடையாது.

அந்தப் படத்தில் எத்தனை ஜோடிகள் தெரியுங்களா மச்சான்! அசந்து போய்விட்டேன். இரட்டைப் பிறவி அண்ணன் தம்பி ஒரு ஜோடி, ஒருத்தன் நினைத்தால் இன்னொருத்தன் செய்வான், சண்டையே கிடையாது. பூதம் வந்த அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே தப்பைச் செய்தார்கள், தப்பு என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை, இரும்பு ஆள் நொறுங்கிப்போனது. இந்த ரிஹோவும் தோமாவும் விடிந்தால் சண்டை, அவர்கள் ஆள்தான் நேராக நடந்தது. உள்ளே ஒரு முள் இருக்கிறது, நம்ம பாய்லர் மீட்டர் மாதிரி. ஒருத்தருக்கு ஒருத்தர் எதையாவது மறைத்தால் முள் ஏறாது, கால் எழும்பாது. ரிஹோ ஊரெல்லாம் புகழ்கிற தைரியசாலி, ஆனால் பின் சீட்டில் ஆள் இருக்கிறானா என்று நிமிசத்துக்கு ஒருதரம் திரும்பிப் பார்க்கிற பயந்தாங்கொள்ளி என்று சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. தனியாக நிறுத்தினால் நாம் எல்லோரும் உத்தமர்தான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா, காளையைச் சந்தையில் பார்த்த உடனேயா வாங்குவீர்கள்? ஜோடி பூட்டி வண்டியில் விட்டுப் பார்த்துத்தானே வாங்குவீர்கள்.

அப்புறம் ஒரு நாள் கட்டிடம் இடிந்து விழுகிறது. ரிஹோ பின் சீட்டைக் காப்பாற்றக் கையைப் பின்னால் வீசுகிறாள். தோமா முன் சீட்டைக் காப்பாற்றக் காலை மடக்குகிறான். ஒருத்தர் செய்தது ஒருத்தருக்குத் தெரியாது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், இரும்பு ஆள் குப்புற விழுந்து மூக்கு உடைந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சகாயராஜ் திரும்பிப் பார்க்காமலே தோளிலிருந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசித்தேன். சாயம் திட்டுத் திட்டாக வந்த வருசம் பையர் ஆபீசில் போய் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே திட்டு வாங்கியது யார்? சகாயராஜ். எனக்குக் காய்ச்சல் என்று நான் படுத்துக்கொண்டேன். அப்படியானால் பின் சீட்டில் யார் இருந்தது?

யோசித்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அதற்குள் தீபாவளி. ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள், பத்து நாளைக்குத் திரும்ப மாட்டார்கள், அந்த வாரம் திருப்பூரில் ரோட்டில் படுத்துத் தூங்கலாம். ஆறு வயசுக் குழந்தைகள் டி-ஷர்ட் ஆயிரத்து இருநூறு பீஸ் அவசரமாக வெட்டியாக வேண்டும். யார் இருக்கிறார்கள்? நானும் அவரும்தான். கட்டிங் டேபிளில் துணி விரிக்க இரண்டு ஆள் வேண்டும், இந்தப் பக்க ஓரத்தை ஒருத்தர், அந்தப் பக்க ஓரத்தை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க வேண்டும். பனியன் துணி ரப்பர் மாதிரி. ஒருத்தர் வேகமாக இழுத்தால் கோணிக்கொள்ளும். பேசாமல் விரித்த முதல் பத்து லேயரும் கோணல். பிரித்து மறுபடி விரித்தோம். நான் அவர் காலைப் பார்த்தேன், அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நேரத்தில் கால் வைத்தோம். அதன் பிறகு அறுபது லேயர், மச்சான், அறுபதும் கத்தி மாதிரி நேர். டிவியில் பார்த்தால் படம், காலுக்குக் கீழே நடந்தால் உடம்பே ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

இதற்கு நடுவில்தான் அந்தக் கூத்து. சாயம் போட்டு வந்த துணியைக் காம்பாக்டிங்குக்கு அனுப்ப வேண்டும், துவைத்தால் சுருங்காதபடி அழுத்தித் தருவார்கள். அனுப்புவது என் வேலை. கோபத்தில் மறந்தேபோனேன். சகாயராஜ் துணியைத் தொட்டுப் பார்த்ததுமே கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல், என் மறதி வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று கட்டிங் நோட்டில் நீளத்தில் இரண்டு இஞ்ச் கூட்டி எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். மார்க்கிங் போட்டது நான், துணி சுருங்குமே என்று அப்போதுதான் உறைத்தது. நோட்டைச் சரியாகப் படிக்கவில்லை. பாவம், சுருக்கத்துக்கு அளவு விட மறந்திருப்பார், அவர் பேர் கெடக் கூடாதே என்று நானும் இரண்டு இஞ்ச் கூட்டிச் சாக்பீஸால் கோடு போட்டேன். அவர் என் கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டி வெட்டிவிட்டார். பார்த்தீங்களா மச்சான்! அவள் கையை வீசினாள், அவன் காலை மடக்கினான்!

ஆட்கள் ஊரிலிருந்து திரும்பி வந்து தைத்து முடித்தார்கள், இந்தத் திங்கட்கிழமை பையர் ஆபீஸ் செக்கிங் ஆபீசர் வந்தார். ஆறு வயசுக் குழந்தைச் சட்டை ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். அது இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. "இது டி-ஷர்ட்டா, நைட்டியா?" என்று கத்தினார். சகாயராஜ் ஒரு அடி முன்னால் வந்து, "எம்மேல தப்பு சார். அளவு எழுதுனது நாந்தான்" என்றார். "இவர் யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் அந்த ஆள். "எம் பார்ட்னர் சார். அவங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்றார். அப்புறம் அரை மணி நேரம் அத்தனை பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலிலிருந்து எழுந்து நின்ற அந்த இரும்பு ஆளைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை.

நல்லவேளை, குட்டையாகப் போனால்தான் மோசம், நீளமாக இருந்தால் வெட்டலாம். செவ்வாயும் புதனும் இரண்டு பேரும் மெஷினில் உட்கார்ந்தோம். அவர் அடிப்பக்கத்தை அளந்து வெட்டி வெட்டிப் போட, நான் ஓரம் தைக்கிற பேட்லாக் மெஷினில் மடித்து அடித்தேன். நடுவில் அவர், "நூலு தீந்துட்டு பாருங்க அண்ணாச்சி" என்றார். எழுபத்தி சொச்சம் நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு அதுதான். "ஆமாங்க சகாயம்" என்றேன். நூலை மாற்றினேன். நேற்றுச் சாயங்காலம் ஆபீசர் வந்து எல்லாவற்றையும் பாஸ் பண்ணிவிட்டுப் போனார்.

ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். ஒரு மெஷினும் எங்கேயும் போகாது, கட்டிங் டேபிளை ரம்பம் போட்டா அறுக்க முடியும்? ஒருத்தர் தப்பை ஒருத்தர் மூடப் போய் இரண்டு பேரும் மூக்கை உடைத்துக்கொண்ட இப்படி ஒரு ஜோடியைப் பிரித்த பாவம் உங்களுக்கு வேண்டாம். பெரியவங்களுக்கு என் கும்பிடு, குழந்தைகளுக்கு என் ஆசி, காளைகளுக்கு நான் விசாரித்ததாகச் சொல்லி ஆளுக்கொரு கை புண்ணாக்கு வைக்கவும். சிவன்மலை ஆண்டவர் எல்லோரையும் ஜோடி குலையாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை
கந்தவேல்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேருமே தங்கமுங்க" என்றாள். அதற்கு மேல் கவரை ஒட்ட எனக்குக் கை வரவில்லை. நோட்டைச் சரியாகப் படிக்கவில்லை என்று எழுதினேனே, அது பொய் மச்சான். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். "காம்பாக்டிங் ஆகவில்லை, இரண்டு இஞ்ச் கூட்டியிருக்கிறேன்" என்று எனக்காகவே சிவப்பு மையில் எழுதியிருந்தார். வேண்டுமென்றேதான் இன்னும் இரண்டு கூட்டினேன். சட்டை தப்பாக வரட்டும், நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் அளவு போட்டது அவர்தான் என்று ஆகும், ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன்னால் அவர் தலை குனியட்டும் என்று நினைத்தேன். வெட்டி முடித்த மறுநாள் கிழிக்கப் போனேன். பக்கம் இல்லை. எனக்கு முன்னாலேயே கிழித்தாகிவிட்டது. அந்த வாரம் கம்பெனியில் நானும் அவரும் தவிர ஈ காக்கை கிடையாது. ஆக, என்னைக் காட்டிக் கொடுக்கிற அந்த ஒரே எழுத்தைக் கிழித்தது அவர்தான், அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் ஆபீசரிடம், "அவங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்றார். அதனால ஞாயித்துக்கெழமை கட்டாயம் வந்துருங்க மச்சான். பிரிக்கறதுக்கு இல்லீங்க. நான் அவருகிட்டப் போயி வாயத் தொறந்து சொல்லோணும். தனியாப் போனா பாதி வழியில திரும்பி வந்துருவேன்.