பெருநடைச் சங்கத்தின் கவலையீன வழக்கு

நீதி சோழநாட்டில் பிறந்தது என்பது சகலரும் அறிந்ததே. கன்றுக்குட்டி ஒன்றின்மேல் தேரை ஏற்றிவிட்ட சொந்த மகனை அதே தேர்க்காலில் கிடத்திய அரசன் ஒருவன் அங்கே இருந்தான். அந்த நீதி வளர்ந்து, வயதுபோய், கடைசியில் ஸ்பொன்சரில் கனடாவுக்கு வந்து, இப்போது மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், ஒரு மாடிக்கட்டடத்தின் நிலக்கீழ்ப் பொது அறையில் குடியிருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. பக்கத்து அறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் கடகடத்துக்கொண்டிருக்கும். நீதி அதைப் பொருட்படுத்துவதில்லை.

அதற்குக் காவலர் சிவநேசத்தார். பகலில் அவர் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் மேற்பார்வையாளர். மற்ற நேரமெல்லாம் மொன்றியல் தமிழர் பெருநடைச் சங்கத்தின் ஒழுக்காற்றுக் குழுத் தலைவர். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்கு மரியாதை உண்டு. எது பெரிது என்று அவரைக் கேட்டால் கோபம் வரும்.

சங்கம் தோன்றிய வரலாறு சுருக்கமானது. ஊரில் மாட்டுவண்டிச் சவாரி விட்டவர்களும், விட்டதாகச் சொல்லிக்கொள்பவர்களும் இங்கே மாட்டுக்கு வழியில்லாமல் தவித்தார்கள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடம் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகள் இருந்தன. ஓர் ஆள் மட்டும் காலை நீட்டிக் குந்தக்கூடிய இருசில்லு வண்டிகளும், வட்டமான ஓடுபாதை ஒன்றும் இருந்தன. பிறகென்ன, கோடையில் ஞாயிறுதோறும் பந்தயம். இந்தப் பந்தயத்தில் குதிரை பாய்ச்சலில் போகக்கூடாது, பெருநடையில்தான் ஓட வேண்டும். பாயத் தொடங்கினால் சாரதி இழுத்துப் பிடிக்க வேண்டும். முந்தவும் வேண்டும், பாயவும் கூடாது என்ற இந்த நிபந்தனை, முப்பது வருடமாகக் கனடாவில் சீவிக்கிறவர்களுக்கு ஒன்றும் புதிதாக இருக்கவில்லை.

பந்தயம் என்றால் விபத்து. விபத்து என்றால் விசாரணை. விசாரணை என்றால் வடை. வடையைச் சிவநேசத்தாரின் மனைவி புஷ்பராணி மேல்மாடியில் சுட்டு லிப்டில் கீழே கொண்டுவருவார். குழுவில் ஐந்து பேர், ஐவரும் சாரதிகள். ஓட்டத் தெரியாதவன் ஓட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்டுச் சங்கத்தின் சட்ட யாப்பிலேயே அப்படி எழுதி வைத்திருந்தார்கள்.

குழு வழங்கிய தீர்ப்புகள் சட்டக்கல்லூரியில் படிப்பிக்கத் தக்கவை. சங்கச் செயலாளர் மரியதாசன் ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் போனுமாக ஓடி, வேலியை உடைத்துக்கொண்டு பண்ணைக்காரரின் சோளத் தோட்டத்துக்குள் போனார். மூன்று மணிநேர விசாரணையில் உண்மை வெளிவந்தது. பால் முடிந்துவிட்டது, வரும்போது தெப்பனர் கடையில் வாங்கி வாருங்கள் என்று சொல்ல அந்த நேரம் பார்த்து அழைத்தவர் அவருடைய மனைவி. 'அகாலத்தில் அழைப்பெடுத்தமை' என்ற குற்றத்துக்காக அம்மையார் வன்மையாகக் கண்டிக்கப்பட்டார். இன்னொரு சாரதி வண்டியிலேயே நித்திரையாகிவிட, குதிரை தானாகத் தொழுவத்துக்குத் திரும்பியது. காலையில் தமக்கை லக்சனா அவருக்குப் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் 'அளவுக்கு மீறிப் பரிமாறியமை' நிரூபணமானது. கொடி அசைக்க முன்னரே புறப்பட்ட ஒருவரின் வழக்கில், இராகு காலம் தொடங்கப் போகிறது என்று யாழ்ப்பாணத்திலிருந்து குரல்செய்தி அனுப்பிய மாமியார் மாட்டிக்கொண்டார்.

ஒரு சாரதியாவது சிவநேசத்தாரின் தீர்ப்பால் மனம் நொந்ததில்லை. சோழ அரசன் அவசரப்பட்டுவிட்டான் என்பதுதான் அவருடைய அபிப்பிராயம். அந்த நேரம் மகனை யார் கூப்பிட்டது என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம் என்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

ஆனி மாதப் பந்தயத்தில் சிசிலி முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தார். சங்கத்தின் ஒரே பெண் சாரதி. வாரநாட்களில் பேருந்து ஓட்டுகிறவர். கடைசி வளைவில், பின்னால் வந்த விதுர்சன் போதிய இடைவெளி இல்லாமலே குறுக்கே வெட்டி உள்ளுக்குப் போகப் பார்த்தான். சில்லும் சில்லும் கொழுவின. சிசிலியின் வண்டி புரண்டது, காறை எலும்பு முறிந்தது. விதுர்சன் முதலாவதாக வந்து கையை உயர்த்தினான்.

விதுர்சன் வேறு யாருமல்ல. சங்கத் தலைவர் இரவிச்சந்திரனின் மகன். அதைவிட முக்கியம், சிவநேசத்தாரின் ஒரே மகள் நிரோஜாவுக்கு ஆவணியில் தாலி கட்டப்போகிறவன். மண்டபம் பேசியாயிற்று, அழைப்பிதழ் அட்டையும் அடித்தாயிற்று.

இரவிச்சந்திரன் அடுத்த நாளே போன் எடுத்தார்.

"சம்பந்தி, நீதியில நான் தலையிட மாட்டன்," என்றார்.

"தெரியும்," என்றார் சிவநேசத்தார்.

"நீங்கள் என்ர பெடியனைக் குற்றவாளி எண்டு தீர்ப்புச் சொன்னால் நான் தலைவணங்குவன். ஆனா ஒரு குற்றவாளிக்கு உங்கட பிள்ளையைக் கட்டிக் குடுக்க உங்களுக்கு மனம் வருமோ? எங்களுக்கு அந்தப் பாவம் வேண்டாம். கலியாணத்தை நிப்பாட்டிப் போடுவம்."

சிவநேசத்தாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மகள் என்றால் அவருக்கு உயிர். எத்தனையோ சாதகம் பார்த்து, எத்தனையோ பேருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பியபின் பொருந்திய சம்பந்தம் இது. அந்தப் பிள்ளை மணவறையில் இருப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. கலியாணம் குழம்பிவிடுமோ என்று பயந்தார், மெய்யாகவே பயந்தார்.

விசாரணை கூடியது. இறைச்சி தட்டும் மரச்சுத்தியலால் சிவநேசத்தார் மேசையில் தட்டினார். பந்தய விதிக்கோவை பிரெஞ்சில் இருந்தபடியால் அதை மொழிபெயர்க்க நிரோஜாவை அழைத்திருந்தார்கள். காப்புறுதி நிறுவனம் ஒன்றில், எந்தக் கார் எந்தக் காரை இடித்தது, பிழை யாருடையது என்று தீர்மானிப்பதுதான் அவளுடைய உத்தியோகம். இருந்தாலும் இங்கே மொழிபெயர்க்க மட்டும் அனுமதி.

"முந்திப் போறவர், முழு இடைவெளி கிடைக்கும்வரை மற்றவருக்குக் குறுக்கால வரக்கூடாது. வந்தால் கவலையீனமான ஓட்டம்," என்று வாசித்தாள் நிரோஜா.

"முழு எண்டால் எவ்வளவு முழு?" என்று கேட்டார் மரியதாசன். அதைப் பற்றி முக்கால் மணிநேரம் ஆழ்ந்த விவாதம் நடந்தது.

அடுத்து சாட்சியங்கள். உழவு இயந்திரத்தில் இருந்தபடி முழுவதையும் பார்த்த பண்ணைக்காரரின் சாட்சியம், அவர் சங்க அங்கத்தவர் அல்ல என்பதால் நிராகரிக்கப்பட்டது. போன்களில் எடுத்த காணொளிகள் நிறையவே வந்தன. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வீட்டுக்காரரை மட்டுமே படம் பிடித்திருந்தார்கள். சிசிலியின் வீட்டில் எல்லோருக்கும் அன்று வேலை.

கையைத் துணியில் தொங்கவிட்டபடி சிசிலி எழுந்து நின்றார்.

"தங்கச்சி, விபத்து நடக்கேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?" என்று கேட்டார் சிவநேசத்தார்.

"நிக்கேல்லை அண்ணை. ஓடிக்கொண்டிருந்தனான். எல்லாருக்கும் முன்னுக்கு."

"ஏன் முன்னுக்கு?"

"பந்தயம் எண்டபடியால்."

குழு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். மரியதாசன் 'அவசியமின்றி முன்னால் சென்றமை' என்று குறித்துக்கொண்டார்.

"பின்னுக்கு ஆர் வருகினம் எண்டு திரும்பிப் பாத்திருக்கலாம்தானே?"

"நான் நாள் முழுக்க பஸ் ஓடுறன் அண்ணை. பின்னுக்கு வாற ஆள்தான் முன்னுக்குப் போற ஆளைப் பாக்க வேணும்."

சிசிலியின் தலையிலேயே முழுப் பழியையும் போட்டுவிடலாம் என்றுதான் சிவநேசத்தார் நினைத்திருந்தார். ஆனால் அந்தத் தொங்கும் கையைப் பார்த்தபின் மனம் வரவில்லை. அவர் நல்ல மனிதர். விதுர்சனை அழைத்தார்.

"தம்பி, என்ன நடந்தது?"

"இடம் இருக்கெண்டு நினைச்சன் மாமா."

"இருந்ததோ?"

"இல்லை."

இரவிச்சந்திரன் இருமினார். பக்கத்து அறை இயந்திரம் ஒன்று அந்த நேரம் பார்த்துச் சுற்றுவதை நிறுத்தியது.

"அவசரப்படாம யோசிச்சுச் சொல்லும் தம்பி," என்றார் சிவநேசத்தார். "அந்த நேரம் உம்மட கவனம் எங்கயோ போயிருக்கு."

"எங்கயும் போகேல்லையே."

"போயிருக்கும்."

விதுர்சன் தகப்பனைப் பார்த்தான். "ஓம், போயிருக்கும்."

"சனம் நிண்ட கொட்டகைப் பக்கம்?"

"ஓகே மாமா. கொட்டகைப் பக்கம்."

"அங்க இருந்து ஆரோ உமக்குக் கை காட்டியிருக்கினம்."

இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தபோதே சிவநேசத்தாருக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஓடுகிற மாப்பிள்ளைக்குக் கொட்டகையிலிருந்து கை காட்டக்கூடியவள் வேறு யார்? சிசிலிக்குப் பழி இல்லை, மாப்பிள்ளைக்குத் தண்டனை இல்லை, சம்பந்திக்கு மனவருத்தம் இல்லை. ஒரே கல்லில் மூன்று மாங்காய். போதாக்குறைக்கு, பெற்ற பிள்ளையையே தண்டித்தவன் என்ற பெயர் சோழனுக்குப் பிறகு தனக்கு. நிரோஜாவுக்கும் இதில் ஒரு நட்டமும் வராது. குதிரை மணமே அவளுக்கு ஒத்துவராது, ஓடுபாதைக்கு வரவேண்டாம் என்றால் சந்தோஷப்படுவாள். அவருடைய கண் கலங்கியது. உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். அவர் எழுந்து நின்று தீர்ப்பை அறிவித்தார்.

"சாரதி விதுர்சன் வண்டியைச் செவ்வனே செலுத்திக்கொண்டிருந்தவேளை, கொட்டகையில் நின்ற செல்வி நிரோஜா சிவநேசம் கவலையீனமாகக் கைகாட்டியமையால் மேற்படி சாரதியின் கவனம் சிதறியதென இக்குழு ஏகமனதாகக் காண்கிறது. சாரதி நிரபராதி. செல்வி நிரோஜா இப்பருவம் முடியும்வரை ஓடுபாதையினுள் பிரவேசிப்பது தடைசெய்யப்படுகிறது."

கைதட்டல் எழுந்தது. இரவிச்சந்திரன் வந்து சம்பந்தியைக் கட்டிப்பிடித்தார்.

"அப்ப என்ர எலும்பை முறிச்சது நிரோஜா எண்டு ஆஸ்பத்திரியில சொல்லட்டோ?" என்று கேட்டார் சிசிலி.

"சங்க விசயம் வெளியில போகக்கூடாது தங்கச்சி," என்றார் மரியதாசன்.

நிரோஜா விதிக்கோவையை மூடி மேசையில் வைத்தாள். அவள் தகப்பனைப் பார்க்கவில்லை. விதுர்சனைத்தான் பார்த்தாள்.

"விது, சிசிலி அன்ரி விழேக்க நான் எங்க நிண்டனான்?"

விதுர்சன் தன் போனை எடுத்துப் பார்த்தான்.

"குளிர்த் தண்ணி வேண்டிக்கொண்டு வரச்சொல்லி என்னைக் காரில அனுப்பினது ஆர்? நான் திரும்பி வரேக்க அவவை அம்புலன்சில ஏத்திக்கொண்டிருந்தவை. உமக்குத் தெரியுந்தானே. சொல்லும்."

அவனுக்குத் தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தான். தகப்பனைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான்.

"தீர்ப்பு வந்திட்டுது நிரோ," என்றான். "சும்மா ஒரு ஃபோர்மாலிற்றிதானே. உமக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"ஒண்டும் குறையேல்லை," என்றாள் நிரோஜா. "தீர்ப்பை ஏற்றுக்கொள்ளுறன். நீர் ஓடுற பாதையில நான் இனி வரமாட்டன். இந்தப் பருவம் மட்டுமில்லை."

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. சிசிலிதான் முதலில் விளங்கிக்கொண்டு, முறியாத கையால் தன் பையை எடுத்தார். நிரோஜா அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பிள்ளை, என்ன கதை கதைக்கிறாய்?" என்று கேட்டார் சிவநேசத்தார். "அட்டையெல்லாம் குடுத்தாச்சு. கலியாணம் குழம்பினால் ஆற்ற பிழை எண்டு ஊர் கேக்கும். நான் என்ன சொல்லுறது?"

"உங்கட குழுவைக் கூட்டுங்கோ அப்பா. ஆராவது ஒரு பொம்பிளை ஆப்பிடுவா."

இரண்டு பேரும் கதவைத் திறந்துகொண்டு போனார்கள். அவர்கள் படியேறும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. சிவநேசத்தாருக்கு அழவேண்டும் போல இருந்தது. யாரையாவது நோக வேண்டும் போலவும் இருந்தது. மகளை இப்படி வாய் காட்ட வளர்த்தது யார் என்று ஓர் எண்ணம் ஓடியது. பழக்க தோஷம், அவருடைய கண் தன்பாட்டில் சுவரோரம் போனது. அங்கே தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார் புஷ்பராணி.

"என்னைப் பாக்காதேங்கோ," என்றார் புஷ்பராணி.

தட்டைக் கீழே வைத்தார். மகள் போன வழியே அவரும் போனார். அதன் பிறகு அந்த அறையில் குற்றவாளி என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆண்கள் மட்டும்தான் இருந்தார்கள்.