சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்

படத்தை இறக்கிய பிறகுதான் அதற்குப் பின்னால் சுவர் அழுகிக் கிடப்பது தெரிந்தது.

நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். மேனேஜர் படத்தைப் பிடித்தபடி ஸ்டூல் மேலேயே நின்றார். பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை ஒரு கதவு அகலத்துக்குப் படர்ந்திருந்தது. நடுவில் ஒரு காளான், வெளியே பெய்கிற மழைக்கு உள்ளேயே குடை விரித்திருந்தது.

"இதை மறைக்கத்தான் டாக்டர் இவ்வளவு பெரிய படமா மாட்டியிருக்காரு," என்றாள் நர்ஸ்.

"இப்ப என்ன பண்றது?"

"படத்தைப் பாத்தா அபராதம் போடுவாங்க. இதைப் பாத்தா பூட்டே போடுவாங்க சார்."

காலையில் டாக்டர் போனில் சொன்னது இவ்வளவுதான். "மாமா, இன்னைக்கு சுகாதாரத் துறையிலேருந்து ஆய்வுக்கு வர்றாங்க. முன், பின்னு படம் மாட்டினா ரெண்டுலயும் ஒரே ஆளு இருக்கணுமாம். புது ரூல். அந்தப் படத்தைக் கழட்டிடுங்க. எனக்கு வெளியூர்ல மீட்டிங்."

"இன்னைக்கா மாப்ள?"

"இப்பத்தான் முடிவு பண்ணேன்."

டாக்டர், மேனேஜருடைய மனைவியின் தம்பி. அழகு சிகிச்சை கிளினிக்கின் முதலாளியும் அவரே. சுருக்கம், கருவளையம், தொங்கும் கன்னம் எல்லாவற்றையும் ஊசியாலும் லேசராலும் சரிசெய்வதாகச் சொல்லிக்கொள்வார். வரவேற்பறைச் சுவரை அடைத்திருந்த அந்தப் படத்தில் 'சிகிச்சைக்கு முன்' என்ற எழுத்தின் கீழே இருந்தது மேனேஜரின் முகம்.

அந்த முகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குக் கீழே பை, பைக்குக் கீழே கன்னம், கன்னத்துக்குக் கீழே மறுபடியும் கன்னம். சாவு வீட்டுக்குப் போனால் செத்தவரின் பிள்ளைகளை விட்டுவிட்டு இவர் கையைப் பிடித்துத்தான் எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். முதலில் பொம்மைக் கடையில் வேலை பார்த்தார், குழந்தைகள் வீறிட்டன. அப்புறம் கல்யாண மண்டபத்தில் வரவேற்பில் நிறுத்தினார்கள். வந்தவர்கள் பரிசுப் பொட்டலத்தை மறைத்துக்கொண்டு, "எப்ப ஆச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிப் போனார்கள். உலகத்திலேயே இந்த ஒரு கிளினிக்கில்தான் அந்த முகத்துக்கு ஒரு வேலை இருந்தது. இதற்கும் பூட்டு விழுந்தால் போக வேறு இடம் கிடையாது. "இதுவும் போச்சுன்னா இனிமே எங்க சொந்தக்காரங்க யார்கிட்டயும் போய் உங்களுக்காக நிக்க மாட்டேங்க," என்று மனைவி சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

'சிகிச்சைக்குப் பின்' என்ற பக்கத்தில் இருந்தவன் வேறு ஆள். அடர்ந்த முடி, கண்ணாடி போடாத கண், எங்கேயோ யாரையோ பார்த்து அப்போதுதான் சிரிக்க ஆரம்பித்த வாய். "யாரு மாப்ள இவன்?" என்று கேட்டதற்கு, "யாரோ ஒருத்தன், விடுங்க மாமா," என்று டாக்டர் பேச்சை மாற்றிவிட்டார். ஆனாலும் வருகிறவர்களில் ஒருத்தர்கூடச் சந்தேகப்பட்டதில்லை. ஆள் பிடிப்பதில் மச்சான் கெட்டிக்காரன் என்று மேனேஜர் நினைத்துக்கொள்வார்.

மேனேஜருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. காரணம் மனைவி. மத்தியானம் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். கைக்குட்டையால் தூசி துடைப்பாள். அவன் பக்கத்தை மட்டும்.

"இந்தப் பக்கம் தூசி இல்லையா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"அதைத்தான் வீட்ல தினமும் பாக்குறேனே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மேனேஜர் படத்தைத் திரும்ப மாட்டினார். அவசரத்தில் ஓர் ஆணிதான் பிடித்தது. கழிப்பறை வாசலில் இருந்த பிளாஸ்டிக் செடியை இழுத்துவந்து 'முன்' பக்கத்துக்கு நேராக நிறுத்தினார்.

"பாதி மறைஞ்சிருச்சு. இப்ப ஒருத்தன் படம்தானே தெரியுது. ஒருத்தன் படத்தை மாட்டக் கூடாதுன்னு ரூல் இல்லையே."

"உங்க மூஞ்சி சார்?"

"அதுக்கென்ன?"

"செடிக்கு அந்தப் பக்கம் இருக்கறது, இந்தப் பக்கமும் இருக்கே."

மேனேஜர் முகக்கவசம் மாட்டிக்கொண்டார். போதாது என்று அறுவை சிகிச்சைத் தொப்பியையும் புருவம்வரை இழுத்துவிட்டார்.

ஆய்வாளர் அம்மா சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு வந்தார். நாற்காலிகள் காலியாக இருந்தன. குழல்விளக்கு ஒன்று எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"நீங்கதான் மேனேஜரா? காய்ச்சலா?"

"சுத்தம் மேடம்."

ஆய்வாளர் குளிர்பெட்டியைத் திறந்து ஊசி மருந்துகளைப் பார்த்தார். சரி. படுக்கையைப் பார்த்தார். சரி. வரவேற்பறைக்குத் திரும்பிவந்து செடியின் இலையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் கறுத்தது.

"இவ்வளவு தூசியை எதுக்கு இங்க வச்சிருக்கீங்க?" என்று அவரே செடியை ஓரமாகத் தள்ளினார். தள்ளியதும் நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பாவம். யாரு இவரு?"

"வெளியூர்க்காரர் மேடம். வந்தார், குணமாச்சு, போயிட்டார்."

"நம்பர் சொல்லுங்க. பேசிடறேன்."

பதற்றத்தில் மனிதனுக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு நம்பர்தான். மேனேஜர் அதைச் சொன்னார். ஆய்வாளர் அழுத்தினார். மேனேஜரின் சட்டைப் பையில் மணி அடித்தது.

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எடுத்துப் பேசுங்க," என்றார் ஆய்வாளர்.

"பரவாயில்லை மேடம்."

"முகக்கவசத்தைக் கழட்டுங்க."

கழற்றினார். தொப்பியும் கூடவே வந்துவிட்டது. ஆய்வாளர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"ஆக, சிகிச்சை எடுத்துக்கிட்டது நீங்கதான்."

"ஆமா மேடம்." வேறு என்ன சொல்வது?

"சிகிச்சை முடிஞ்சு அப்படி ஆனீங்க."

"ஆமா மேடம்."

"அப்ப ஏன் இன்னும் இப்படியே இருக்கீங்க?"

"அது கொஞ்சநாள்ல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். படத்தின் கீழே சிவப்பு எழுத்தில் 'பலன் நிரந்தரம்' என்று போட்டிருந்தது. ஆய்வாளரும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

பலன் போய்விட்டது என்றால் பொய் விளம்பரம். அது நான் இல்லை என்றால் மோசடி. மேனேஜரின் மூளை தன் ஆயுளில் முதல் தடவையாக வேகமாக ஓடியது. தப்பான திசையில் ஓடியது.

"பேனர் அடிச்சவன் தப்பு மேடம். எழுத்தை மாத்திப் போட்டுட்டான். அந்தப் பக்கம் இருக்கறதுதான் முன். இந்தப் பக்கம் இருக்கறது பின்."

சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டார். அச்சுப்பிழைக்காக யாரும் கடையைப் பூட்டியதில்லை. நர்ஸ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார். "அப்ப இங்க வரும்போது நீங்க அப்படி இருந்தீங்க."

மேனேஜர் தலையாட்டினார்.

"டாக்டர் கைவச்ச பிறகு இப்படி ஆயிட்டீங்க."

பாதித் தலையாட்டலில்தான் அவருக்குப் புரிந்தது. ஆனால் கழுத்து அதற்குள் கீழே போய்விட்டது.

"பலன் நிரந்தரம்," என்று ஆய்வாளர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க. தண்ணி குடிங்க. வலிக்குதா?"

"எது மேடம்?"

"முகம்."

"இல்லை மேடம்."

"அழணும்னா அழுங்க. அடக்காதீங்க."

"நான் அழலை மேடம்."

"பாத்தா அப்படித் தெரியலையே."

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், டாக்டர் அவரை ஒண்ணும் பண்ணலை. அவர் பொறந்ததுலேருந்தே இப்படித்தான்."

"நீ பாத்தியாம்மா?"

"நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து பாக்கிறேன்."

"அதுக்கு முன்னாடியே நடந்திருக்கு," என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார். "டாக்டர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சான் மேடம். மனைவியோட தம்பி."

"சொந்த அக்கா புருஷன். மூஞ்சியையும் கெடுத்து, வெளியில சொல்லாம இருக்க வேலையும் குடுத்து உக்கார வச்சிருக்காரு."

மேனேஜர் எழுந்து நின்றார். இனி உண்மைதான் காப்பாற்றும் என்று தோன்றியது. "மேடம், உண்மையைச் சொல்லிடறேன். அந்த ஆளு நான் இல்லை. யாரோ ஒருத்தன். எனக்கு அவனைப் பிடிக்கவே பிடிக்காது."

"பயப்படாதீங்க. இனிமே உங்களை யாரும் மிரட்ட முடியாது. காதைப் பாருங்க, அதே காது. அதை மட்டும்தான் உங்க மச்சானால ஒண்ணும் பண்ண முடியலை."

"காது எல்லாருக்கும் ஒண்ணுதானே மேடம்."

"நீங்க ரொம்ப நல்லவர்," என்ற ஆய்வாளர், சாட்சிக்காகப் படத்தை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார். ஒற்றை ஆணி அதற்காகவே காத்திருந்ததுபோல விட்டுக்கொடுத்தது. படம் சரிந்து நாற்காலிமேல் சாய்ந்து நின்றது. பூஞ்சை முழுசாகத் தெரிந்தது. காளான் காலையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"இதுவும் நிரந்தரமா?" என்றார் ஆய்வாளர்.

பையிலிருந்து பூட்டும் அரக்கும் வெளியே வந்தன. பூஞ்சையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தால் போதும். முகம்தான் பெரிய குற்றம் என்றார். "பழைய முகம் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் சொல்லணும். வீட்டுல யாரு இருக்கா?"

கதவு திறந்தது. மனைவி ஒரு கையில் சாப்பாட்டு கேரியரும் மறு கையில் குடையுமாக நின்றாள்.

மேனேஜருக்கு உயிர் வந்தது. இவன் யாரென்று தெரியாது என்று அவள் சொன்னால் போதும். மோசடிப் படம் என்று ஓர் அபராதத்தோடு போகும், கிளினிக் பிழைக்கும், முகத்துக்கு வேலை இருக்கும். அவள் பொய் சொல்லவே வேண்டியதில்லை. கட்டின நாளிலிருந்து அவர் அவளிடம் கேட்டதிலேயே இதுதான் சுலபமான உதவி.

அவள் படம் நாற்காலியில் சாய்ந்து நிற்பதைத்தான் முதலில் பார்த்தாள். கேரியரை வைத்துவிட்டுக் குனிந்து, கைக்குட்டையை எடுத்து, அவன் பக்கத்துத் தூசியை மட்டும் துடைத்தாள்.

"ஏம்மா, இவர் உங்க வீட்டுக்காரர்தானே? அந்தப் படத்துல சிரிக்கிற ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

மனைவி புருஷனைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல ஆய்வாளரைப் பார்த்தாள்.

"இதுவும் இவருதாங்க மேடம், கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குன்னு எடுத்துக் குடுத்த போட்டோ, தம்பி கேட்டான்னு நான்தான் பீரோவுலேருந்து எடுத்துக் குடுத்தேன்."