உங்கள் பண்டிகையைச் சுலபமாக்க ஒருவர் வந்திருக்கிறார்

பண்டிகையைக் கொண்டாடுகிறவர்கள் ஒரு வகை. பண்டிகைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுகிறவர்கள் இன்னொரு வகை. பண்டிகை முடிந்த மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அடுத்த வருஷம் இந்தக் கூத்தே வேணாம்" என்று சத்தியம் செய்துவிட்டு, அடுத்த வருஷம் அதே கூத்தில் முதல் ஆளாக நிற்கிறவர்கள் மூன்றாவது வகை. இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது நாலாவது வகையை. பண்டிகையைச் சுலபமாக்குகிறவர்!

கண்டுபிடிப்பது ரொம்ப எளிது. குடும்பமே கூடி உட்கார்ந்து "அப்பப்பா, எவ்வளவு வேலை!" என்று புலம்பி, தேநீர் குடித்து, புலம்பியதை மறந்து கலைகிற நேரத்தில், இவர் மட்டும் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார். "யாரும் டென்ஷன் ஆகாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்பார். அதுவரை யாரும் டென்ஷன் ஆகியிருக்க மாட்டார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் ஆகிவிடுவார்கள். பாத்திரம் கழுவுகிற தொல்லை வேண்டாம் என்று காகிதத் தட்டு வாங்குவார்; விருந்து முடிந்ததும் "நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தூக்கிப் போடணும்" என்று அந்தக் காகிதத் தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவைக்கச் சொல்வார். பரிசு வாங்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பார். யார் யாருக்கு, எந்தக் கடையில், எந்த நிறத்தில் வாங்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டுத்தான் அப்படிச் சொல்வார். ஓய்வுக்கும் நேரம் ஒதுக்கியிருப்பார். இரண்டு மணியிலிருந்து இரண்டேகால் வரை. இரண்டு பதினாறுக்கு நீங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் தொலைந்தீர்கள்.

எங்கள் அத்திராவ் நகரத்தில் இந்த இனத்துக்குத் தலைமைப் பீடம் என் அக்கா கலம்காஸ். முப்பது வருஷம் மீன் பதனிடும் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் கண் முன்னால் ஒரு மீன் வரிசை மாறிப் போனது கிடையாது. பாவம், ஓய்வு பெற்ற பிறகு மீன்கள் இல்லை. நாங்கள் இருந்தோம்.

அக்கா சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மார்ச் பதினாலாம் தேதி கொரிசு. அன்று சின்னவர்கள் எல்லோரும் பெரியவர்கள் எல்லோருடைய வீட்டுக்கும் போய், இரண்டு கையாலும் கைபிடித்து, "வயசு நல்லபடியா கூடட்டும்" என்று சொல்ல வேண்டும். அதிலிருந்து இருபத்திரண்டாம் தேதி நவுரிஸ் புத்தாண்டு வரை, ஒன்பது நாள் ஓயாத நடை. தெருவெல்லாம் பனி உருகிய சேறு. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வேண்டும், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக் தின்ன வேண்டும், பால் தேநீர் ஏழு கிண்ணம் குடிக்க வேண்டும். "போதும்" என்றால் "எங்க வீட்டுத் தேநீர் கசக்குதா?" என்பார்கள். எழுந்தால் மேஜையில் மிச்சமிருந்த மிட்டாயையெல்லாம் பையில் போட்டுக் கையில் திணிப்பார்கள். அந்தப் பையை வீட்டில் கொட்டி, நம் வீட்டுக்கு வருகிறவருக்கு வைப்போம். அவர் அதை அள்ளிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைப்பார். ஒரு வருஷம் என் மனைவி நுர்சுலு ஒரு சாக்லேட்டின் உறையில் பேனாவால் புள்ளி வைத்து அனுப்பினாள். பத்தொன்பதாம் தேதி அது ஆறு வீடு சுற்றிவிட்டு, கொஞ்சம் களைத்துப்போய், எங்களிடமே வந்து சேர்ந்தது.

ஆனால் இந்த வருஷம் எனக்கு அந்தச் சேறும் வேண்டும், அந்த ஏழு கிண்ணமும் வேண்டும். காரணம், என் அண்ணன் எசென்கெல்தி.

போன ஏப்ரலில் என் பையனுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு விருந்தில் வேகவைத்த ஆட்டுத் தலை எந்தத் தட்டில் யார் முன்னால் போகிறது என்பதுதான் விஷயமே. பந்தல், பாட்டு, மணப்பெண் எல்லாம் அதற்கு அப்புறம். இரண்டு தலை சொல்லியிருந்தோம். ஒன்று சம்பந்திக்கு, ஒன்று அண்ணனுக்கு. பரிமாறினவன் அண்ணனுடைய தலையைக் கொண்டுபோய்ப் பெண்ணின் தாய்மாமனுடைய கார் ஓட்டுநர் முன்னால் வைத்துவிட்டான். அந்த மனிதரும் ஒரு வார்த்தை கேட்காமல் காதை அறுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அண்ணன் எழுந்தார், தொப்பியை மாட்டினார், போனார். பதினோரு மாதமாகப் பேச்சு இல்லை. எங்கள் ஊர் நடுவில் ஓடுகிற நதிதான் இரண்டு கண்டத்துக்கும் எல்லை; அவர் வீடு அந்தப் பக்கம் ஐரோப்பாவில், என் வீடு இந்தப் பக்கம் ஆசியாவில். நடுவில் பாலத்தில் நடந்தால் பதினைந்து நிமிஷம். ஒருவரும் நடக்கவில்லை.

இப்போது மருமகள் நிறைமாதம். எங்கள் வம்சத்தில் பிறந்த குழந்தையின் காதில் பெயரைச் சொல்வது தாத்தாவோடு கூடப் பிறந்தவர்களில் மூத்த ஆண். அண்ணன்தான். வேறு யார் சொன்னாலும் என் மனசு ஒப்பாது. அதற்காகப் போய் மன்னிப்புக் கேட்பதா? நானா? தலையை இடம் மாற்றி வைத்தது நானா? அதுதான் கொரிசுவின் அழகு. அன்று யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஊரே பெரியவர்கள் வீட்டுக்குப் போகிறது, நானும் போனேன், அவ்வளவுதான். வாசலில் தம்பி நின்று இரண்டு கையையும் நீட்டினால் எந்த அண்ணனும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. நுர்சுலு ஒரு வாரம் முன்னாலேயே மாவு வாங்கி வைத்துவிட்டாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி குடும்ப வாட்ஸப் குழுவில் அக்காவின் குரல் வந்தது. "அன்பான சொந்தங்களே! இந்த வருஷம் யாரும் யார் வீட்டுக்கும் அலைய வேணாம். மண்டபம் புடிச்சாச்சு. பதினாலாம் தேதி ஒரு மணிக்கு எல்லாரும் வாங்க, ஒரே மூச்சுல எல்லாருக்கும் கை குடுத்துடலாம். யாரும் சமைக்கக் கூடாது. யாரும் டென்ஷன் ஆகக் கூடாது. சந்தோஷமா இருக்கணும். இது கட்டாயம்."

நான் உடனே கூப்பிட்டேன்.

"அக்கா, அண்ணன் வீட்டுக்கு மட்டும் காலையில ஒரு நடை போயிட்டு வந்துடறேனே?"

"ஒருத்தனுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. முப்பத்தெட்டு பேரு இருக்கோம்டா."

"மண்டபத்துல எப்படிக்கா அவர்கிட்ட..."

"அட, அதையா நெனச்சுப் பயப்படறே? நான் எதுக்கு இருக்கேன்? உன்னை மூணாம் நம்பர் மேஜையில போட்டிருக்கேன், அவனை எட்டாம் நம்பர்ல. நடுவுல பெரிய தூணு. நீ அவன் மூஞ்சியையே பார்க்க வேணாம். எப்படி?"

"ரொம்ப... ரொம்ப நன்றிக்கா."

"இதுக்கெல்லாம் நன்றி எதுக்கு? குடும்பம்னா பின்ன என்ன?"

சுலபமாக்குகிறவரிடம் இதுதான் தொந்தரவு. நம்மைச் சிரமப்படுத்துவதற்காக அவர் ஒன்றுமே செய்வதில்லை. எல்லாம் அன்பு. அன்பிடம் போய் யார் சண்டை போடுவது?

பதினாலாம் தேதி மண்டபத்துக்குப் போனோம். வாசலில் எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு எண். எனக்கு இருபத்தொன்று. கூடப் பிறந்த அக்கா மைக்கில் "இருபத்தொண்ணு, கொஞ்சம் நகரு" என்றாள். பெரியவர்களை ஒரு வரிசையாகவும் சின்னவர்களை எதிர் வரிசையாகவும் நிறுத்தி, கை கொடுத்தபடியே பக்கவாட்டில் நகரச் சொன்னாள். ஆளுக்குப் பன்னிரண்டு விநாடி. தொண்ணூறு வயதை நெருங்கும் எங்கள் பெரியப்பா ஒரு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு "நீ யார் பொண்ணும்மா?" என்று ஆசையாக ஆரம்பித்தார். "பெரியப்பா, கேள்வியெல்லாம் அப்புறம்!" என்றது மைக்.

"டீ எப்ப வரும்?" என்றார் பெரியப்பா.

"மூணாவது கட்டத்துல வரும் பெரியப்பா."

"இப்ப எத்தனாவது கட்டம்?"

"முதல்."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே!"

வரிசை நகர நகர நான் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். தூண் இருந்தால் என்ன, வரிசையில் அண்ணனைக் கடந்துதானே ஆக வேண்டும்? இன்னும் நாலு பேர். இன்னும் மூன்று பேர். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். அவர் கோட்டின் பொத்தானைப் போட்டு, கையை லேசாகத் துடைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். இன்னும் இரண்டே பேர். அப்போது மைக் சொன்னது: "எசென்கெல்தி, நீ போய் போட்டோ எடுத்துக்கோ. உடனே! இருபத்தொண்ணு, நீ அப்படியே தாண்டிப் போ."

எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்! இரண்டு பேருக்கும் சங்கடம் வந்துவிடக் கூடாதாம். அண்ணன் போகிற போக்கில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஆளுக்கு ஒரு காகிதத் தட்டில் மூன்று பவுர்சாக்கும் வெள்ளரித் துண்டும் வந்தன. எட்டாம் நம்பர் மேஜைப் பக்கம் பார்த்தேன். தூண் நன்றாகவே கட்டியிருந்தார்கள்.

இரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. "பார்த்தீங்களா! ஒன்றரை மணி நேரம்! எல்லாரும் வீட்டுக்குப் போய் நிம்மதியா ரெஸ்ட் எடுங்க!" என்றாள் அக்கா. மூன்று மணிக்கு வீட்டில் இருந்தோம். கொரிசு அன்று பகல் மூன்று மணிக்கு, வயிறும் காலியாக, வாசலும் காலியாக, நிம்மதியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது.

நுர்சுலுதான் வாயைத் திறந்தாள். "ஏங்க, அக்காவுக்குக் கை குடுத்தீங்களா?"

"எங்கே குடுக்கறது? ஒரு கையில மைக், ஒரு கையில பட்டியல். ரெண்டு கை வேணுமே!"

"நல்லா இருக்கே! உங்க கூடப் பொறந்தவங்கள்ல மூத்தவங்க. அவங்களுக்குக் கை குடுக்காம இது என்ன கொரிசு? எழுந்திருங்க. இந்தாங்க பவுர்சாக்."

"யாரும் சமைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே?"

"சொன்னாங்க. நான் கேட்டேனா?"

அக்காவுக்கு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் யாரோ கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்திருந்தார் அண்ணன். அவர் கையிலும் ஒரு பை.

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம்.

"அவ கையில மைக் இருந்துச்சு, கை குடுக்க முடியல," என்றார் அண்ணன், சுவரிடம்.

"எனக்கும் அதேதான்," என்றேன் நானும், சுவரிடம்.

அப்புறம் அவர் பையைக் கீழே வைத்தார். நானும் வைத்தேன். இரண்டு கையையும் நீட்டினேன். பிடித்தார். பன்னிரண்டு விநாடியில் விடவில்லை.

"வயசு நல்லபடியா கூடட்டும்டா."

"உங்களுக்கும்ண்ணா. மருமகளுக்கு ஏப்ரல்ல பொறக்கப் போவுது. நீங்க வந்து..."

"வராம? பொண்ணா இருந்தா ஒரு பேரு, பையனா இருந்தா ஒரு பேரு, ஜனவரியிலேயே யோசிச்சு வெச்சுட்டேன். யாருமே வந்து கூப்பிடலையேன்னுதான்..." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். "ஆனா அந்த டிரைவர் காதை அறுத்தான் பாரு, அதை மட்டும் நான் மறக்க மாட்டேன்."

அக்கா கதவைத் திறந்தாள். வெல்வெட் மேலங்கி, வெள்ளி வளையல், எல்லாம் போட்டுக்கொண்டிருந்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

"யாரும் யார் வீட்டுக்கும் வரக் கூடாதுன்னுதானே சொன்னேன்?"

அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். நீளமான மேஜை. குதிரைக் கறி, புகைபோட்ட மீன், மலை மாதிரி பவுர்சாக், கொதித்துக்கொண்டிருந்த தேநீர் சமோவார், கவிழ்த்து வைத்த இருபது கிண்ணம்.

"அப்ப இது என்னக்கா?"

"இதுவா? இது... சும்மா. கை பழக்கம். காலையில நாலு மணிக்கு முழிப்பு வந்துடுச்சு." அவள் குரல் உடைந்தது. "எனக்கு ஒருத்தரும் கை குடுக்கலடா. முப்பத்தெட்டு பேருல ஒருத்தரும் குடுக்கல." உடனே சுதாரித்துக்கொண்டாள். "சேறு! சேறு! செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்கடா ரெண்டு பேரும்!"

அரை மணிக்குள் பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் மற்றவர்கள், ஒருவர் பின் ஒருவராக, எல்லோரும் "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்று சொல்லிக்கொண்டு. இரண்டு அறை வீட்டில் முப்பத்தெட்டு பேர் உட்கார்ந்தோம். பெரியப்பா பதினோரு கிண்ணம் தேநீர் குடித்தார். அக்கா பாத்திரம் கழுவிக் கழுவி மாய்ந்து, "ஐயோ என் இடுப்பு, உங்களையெல்லாம் யாரு வரச் சொன்னது" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

இனிமேலாவது திருந்தினாளா என்றுதானே கேட்கிறீர்கள்? நவுரிஸுக்கு இரண்டு நாள் முன்னால் "கஞ்சியை எல்லாரும் தனித்தனியா காய்ச்சறது வீண் வேலை" என்று ஆரம்பித்தாள். அவளை விடுங்கள். இப்போது உங்களிடம் வருகிறேன்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போதே "மண்டபம் நல்ல யோசனைதான், தூணில்லாத மண்டபமா புடிச்சிருக்கணும்" என்று உங்களுக்குத் தோன்றியதா? இந்த வருஷம் உங்கள் வீட்டுப் பண்டிகையில் வீண் அலைச்சல் என்று எதையாவது அடித்துவிடலாம் என்று மனசுக்குள் குறித்து வைத்திருக்கிறீர்களா? அடியுங்கள், தாராளமாக. ஆனால் நீங்கள் அடிக்கிற அந்த ஒரு வீட்டு வாசலுக்குப் போக, சாக்குக்காக ஒரு வருஷமாக யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். கேட்காமல் அடிக்கிற ஆள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் உண்டு. அது யாரென்று அந்த வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டில் அது யாரென்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்றால், கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.